குறைந்த செலவில் கண்டென்சர் மைக்கும் கம்ப்ரெஸரும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே பாட்டும் பேச்சும் பதிவுசெய்யும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பற்றியவை: எந்த கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும், நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் மைக்) வாங்குவது, கம்ப்ரெஸரை (பலமான ஒலியை அமுக்கி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கருவியை) எப்படிக் கையாள்வது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதுதான் சரி. மைக் பிடிக்கும் மெல்லிய ஒலி ஒவ்வொன்றையும் கம்ப்ரெஸர் பிறகு மேலே கொண்டுவரும். மைக் வாங்கும்போதும் அதை அறையில் நிறுத்தும்போதும் எடுக்கிற முடிவுகள் கம்ப்ரெஸரைத் திறக்கும்போதுதான் வெளியே தெரியும்.

முதல் முறையாக கண்டென்சர் மைக் வாங்கப் போகிறேன். குறைந்த விலையிலேயே ஏராளமான மாடல்கள் இருக்கின்றன. விவரக்குறிப்பில் உள்ள எண்களில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் சுய இரைச்சலைப் பாருங்கள். முழு அமைதியில் வைத்தாலும் மைக்கின் மின்சுற்று ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' ஒலியை உண்டாக்கும். அதன் அளவுதான் இது. எண் குறையக் குறைய நல்லது. சில நிறுவனங்கள் இதை நேரடியாகக் கொடுக்காமல் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை மட்டும் அச்சிடும். அப்போது 94-லிருந்து அந்த எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். 74 டெசிபல் என்று போட்டிருந்தால் சுய இரைச்சல் 20 டெசிபல்.

ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020 மைக்கின் சுய இரைச்சல் 20 டெசிபல். அதே நிறுவனத்தின் ஏடி2035-க்கு 12. ரோட் என்டி1-ஏ மைக்குக்கு 5. குரலெடுத்துப் பாடுபவர் ஒரு சாண் தூரத்தில் நின்று பாடினால் 20 டெசிபல் இரைச்சல் காதில் விழாது. மென்மையாகக் கதை வாசிப்பவர், விரலால் மீட்டும் கிடாரைப் பதிவுசெய்பவர், முணுமுணுப்பாகப் பாடுபவர் ஆகியோர் 14 அல்லது அதற்குக் கீழே உள்ள மைக்கைத் தேடுவது நல்லது. கம்ப்ரெஸர் போட்டு ஒலியளவை உயர்த்தும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே கேட்கும்.

அடுத்தது உணர்திறன். ஏடி2020 ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 14.1 மில்லிவோல்ட் தருகிறது. மேடைகளில் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக் (மின்சாரம் தேவைப்படாத, காயிலால் இயங்கும் வகை) 1.85 மில்லிவோல்ட் அளவில்தான் தரும். அதாவது கண்டென்சருக்கு இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில்) ஏறக்குறைய 17 டெசிபல் கெயின், அதாவது ஒலியை உயர்த்தும் அளவு, குறைவாக வைத்தால் போதும். மலிவான இன்டர்ஃபேஸ்களின் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் சுற்று) கெயினை முழுதாக ஏற்றும்போதுதான் இரையும். அதனால் சிக்கனமாகத் தொடங்குபவருக்குக் கண்டென்சர் கூடுதலாக ஒத்துவருகிறது.

'20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்ற வரியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கிட்டத்தட்ட எல்லா மைக்கிலும் அதே வரி இருக்கும். பார்க்க வேண்டியது வரைபடம். குறிப்பாக 6,000 முதல் 12,000 ஹெர்ட்ஸ் வரை கோடு எவ்வளவு மேலே ஏறுகிறது என்று கவனியுங்கள். குறைந்த விலைப் பெரிய டயஃப்ரம் (ஒலியில் அதிரும் படலம்) மைக்குகள் பலவற்றில் இருப்பது ஜெர்மன் நிறுவனமான நியூமனின் கே67 கேப்ஸ்யூலைப் (டயஃப்ரம் பொருத்திய, ஒலியைப் பிடிக்கும் பாகம்) பின்பற்றிச் செய்த கேப்ஸ்யூல். அந்த வடிவமைப்புக்கு இயல்பாகவே உச்ச ஸ்தாயியில் ஓர் எழுச்சி உண்டு. நியூமன் யூ67, யூ87 மைக்குகளில் அந்த எழுச்சியை மின்சுற்று சமன்செய்துவிடும். மலிவான மைக்குகளில் கேப்ஸ்யூல் வந்தது, சமன்செய்யும் சுற்று பல சமயம் வரவில்லை. 'ச', 'ஸ', 'ஷ' எல்லாம் கூர்மையாகக் குத்துவதற்கு இதுதான் காரணம். கனமான, சற்று மங்கலான குரல் உள்ளவர்களுக்கு இந்த எழுச்சி உதவவும் செய்யும். கீச்சென்ற குரல் என்றால் வரைபடம் தட்டையாக இருக்கும் மைக்கைத்தான் எடுக்க வேண்டும்.

முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிக்கும் கார்டியாய்டு (இதய) வடிவம் ஒன்றே போதும். எட்டு வடிவம், எல்லாத் திசை வடிவம் என்று மூன்று நான்கு தேர்வுகள் தரும் மலிவு மைக்கில் பணம் பொத்தான்களுக்குப் போகிறது. அதே தொகையில் ஒரே வடிவமுள்ள, இரைச்சல் குறைந்த மைக் கிடைக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஸ்விட்ச் இருந்தால் நல்லது. அதிகபட்ச ஒலி அழுத்தம் 130 டெசிபலைத் தாண்டினால் குரலுக்குக் கவலையே வேண்டாம்.

என் அறையில் மின்விசிறி ஓடும், வெளியே வண்டிச் சத்தம் கேட்கும். கண்டென்சர் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், டைனமிக்தான் நல்லது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. ஒரே தூரத்தில், ஒரே திசை வடிவத்தோடு இரண்டு மைக்கையும் வைத்து, குரல் ஒரே அளவில் பதிவாகும்படி கெயினைச் சரிசெய்தால், அறைச் சத்தமும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். அறையையும் குரலையும் பிரித்தறியும் திறமை எந்த மைக்குக்கும் கிடையாது. டைனமிக் மைக்கை உதட்டுக்கு 3 முதல் 5 சென்டிமீட்டரில் வைத்துப் பாடுகிறோம், கண்டென்சரை 25 சென்டிமீட்டரில் வைக்கிறோம். வித்தியாசம் அங்கேதான் வருகிறது. தூரம் பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும். அறைச் சத்தம் அப்படியே இருக்கும். டைனமிக் மைக்கில் உச்ச அலைவரிசைகள் சற்றுக் குறைவாகப் பதிவாவதால் அறையின் சலசலப்பும் கொஞ்சம் மங்கும். அவ்வளவுதான்.

ஆக, கண்டென்சரை 12 முதல் 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் பாப் ஃபில்டர் (வாயின் காற்றடியைத் தடுக்கும் வலை) கட்டாயம். பதிவு நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள். நிறுத்தவே முடியாதென்றால் மைக்கின் முதுகு அதைப் பார்க்கும்படி திருப்புங்கள். கார்டியாய்டு மைக் பின்பக்கத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும்.

மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக மாட்டும் பஞ்சுத் தடுப்பை வாங்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். மைக் ஏற்கெனவே சரியாகக் கேட்காத பக்கத்தைத்தான் அது மூடுகிறது. எதிரொலி உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டு, மைக்கின் முகப்புக்குள் நேராக வருகிறது. அந்தச் சுவருக்கு முன்னால், அதாவது பாடுபவருக்குப் பின்னால், இரண்டு மூன்று கனத்த போர்வைகளை சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். செலவில்லாமல் கிடைக்கும் மாற்றங்களில் இதைவிடப் பெரியது வேறில்லை. சுவரில் ஒட்டும் 2 சென்டிமீட்டர் பஞ்சு உச்ச ஒலிகளை மட்டும் உறிஞ்சும். கீழ் ஒலிகள் அப்படியே நின்று அறை 'கும்'மென்று ஒலிக்கும்.

கண்டென்சர் மைக்கில் குரல் எங்கோ தள்ளிப் பேசுவதுபோல் பதிவாகிறது. பக்கத்தில்தான் நிற்கிறேன். மைக் பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. பெரிய டயஃப்ரம் மைக்குகள் பக்கவாட்டில் கேட்பவை. மேடை மைக்கைப் போல அதன் உச்சி முனையில் பாடினால் ஒலி மெலிந்து, தள்ளிப்போனதுபோல் வரும். மைக்கை நட்டுக்குத்தாக நிறுத்தி, முத்திரை அல்லது இதய வடிவக் குறி உள்ள பக்கம் உங்கள் வாயைப் பார்க்கும்படி வையுங்கள். குறி எதுவும் இல்லையென்றால் மைக்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒரே அளவில் பேசிப் பதிவுசெய்யுங்கள். எங்கே ஒலி நெருக்கமாகவும் கனமாகவும் வருகிறதோ அதுதான் முகப்பு. பின்புறமாகத் திருப்பி மாட்டியிருந்தாலும் இதே கோளாறுதான்.

பிஎம்-800 வகை மைக்கை, கூடவே வந்த 3.5 மில்லிமீட்டர் வயரோடு மடிக்கணினியில் சொருகினேன். குரல் சன்னமாகவும் இரைச்சல் பலமாகவும் இருக்கிறது. என்ன செய்வது?

கணினியின் மைக் துளை தரும் மின்னழுத்தம் சில வோல்ட் மட்டுமே. கண்டென்சர் மைக்குகளுக்கு வழக்கமான பேண்டம் பவர் (மைக் வயர் வழியாகவே போகும் மின்சாரம்) 48 வோல்ட். பட்டினியில் ஓடும் மைக்கின் சிக்னல் மெலிந்திருக்கும். அதை ஈடுகட்ட மென்பொருளில் 'பூஸ்ட்' ஏற்றுகிறீர்கள். கணினிக்குள்ளேயே இருக்கும் ஒலி அட்டையின் இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது. அந்த வயர் சமநிலை இணைப்பும் இல்லாததால் மின்சார இரைச்சலும் உள்ளே நுழையும்.

மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வயர் ஒன்றும், 48 வோல்ட் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் இருந்தால் அதே மைக் தெளிவாகப் பேசும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பெயரில் பல முத்திரைகளில் விற்கும் மைக்குகளில் நிறைய, பெரிய கூட்டுக்குள் சிறிய எலக்ட்ரெட் (நிலையான மின்னேற்றம் உள்ள) கேப்ஸ்யூலை வைத்தவை. வலைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் அளவில் தங்கப் பூச்சுள்ள வட்டம் தெரிந்தால் பெரிய டயஃப்ரம்; சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிறு உலோகக் குப்பி தெரிந்தால் எலக்ட்ரெட். எலக்ட்ரெட் என்பதாலேயே மட்டமில்லை. 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் மைக்கின் வழிவந்த நல்ல மைக்குகள் எத்தனையோ உண்டு. ஆனால் மிக மலிவானவற்றில் சுய இரைச்சல் கூடுதலாக இருக்கும். ஆகவே இன்டர்ஃபேஸை முதலில் வாங்குங்கள். மைக்கைப் பிறகு மாற்றினாலும் அது கூடவே வரும்.

டைனமிக் மைக் சொருகியிருக்கும்போது 48 வோல்ட்டைத் தெரியாமல் போட்டுவிட்டேன். மைக் போய்விட்டதா?

போகவில்லை. பேண்டம் பவர் எக்ஸ்எல்ஆரின் 2-ஆம், 3-ஆம் முனைகளுக்கு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக ஒரே அளவில் போகிறது. இரு முனையிலும் மின்னழுத்தம் சமம் என்பதால் டைனமிக் மைக்கின் காயிலில் மின்சாரம் ஓடாது. ரிப்பன் மைக்கும் (மெல்லிய உலோக நாடாவால் இயங்கும் மைக்), ஷார்ட் ஆன வயரும் சேரும்போதுதான் ஆபத்து. எப்படியிருந்தாலும் ஒழுங்கு இதுதான்: கெயினைக் குறை, வயரைச் சொருகு, 48 வோல்ட்டைப் போடு, அரை நிமிடம் பொறு, பிறகு கெயினை ஏற்று. கழற்றும்போது 48 வோல்ட்டை அணைத்து ஒரு நிமிடம் கழித்துக் கழற்றுங்கள். ஹெட்ஃபோனில் 'டப்'பென்று அடிக்கும் சத்தத்திலிருந்து உங்கள் காதும் தப்பிக்கும்.

பழைய கம்ப்ரெஸர் பெட்டி ஒன்று கிடைத்தது. பின்னால் எக்ஸ்எல்ஆர் துளை இருந்ததால் மைக்கை நேராகச் சொருகி, அங்கிருந்து இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்தேன். சத்தமே வரவில்லை. வீட்டுப் பதிவுக்கு இப்படி ஒரு பெட்டி தேவையா?

எக்ஸ்எல்ஆர் துளை இருந்தாலே மைக் சொருகலாம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான கம்ப்ரெஸர்கள் லைன் அளவு சிக்னலுக்காக (ப்ரீஆம்ப் உயர்த்திய பலமான சிக்னலுக்காக) செய்தவை. அவை 48 வோல்ட் தராது, அதனால் உங்கள் கண்டென்சர் உயிர்பெறவே இல்லை. டைனமிக் மைக்கைச் சொருகினாலும் மைக் சிக்னல் த்ரெஷோல்டை (கம்ப்ரெஸர் அமுக்கத் தொடங்கும் அளவை) தொடாத அளவு சன்னமாக இருக்கும். கம்ப்ரெஸர் வேலையே செய்யாது.

சரியான வரிசை: மைக், பிறகு ப்ரீஆம்ப், பிறகு கம்ப்ரெஸர், பிறகு இன்டர்ஃபேஸின் லைன் துளை. இன்டர்ஃபேஸில் 'இன்ஸர்ட்' துளை (சிக்னலை வெளிப் பெட்டிக்கு அனுப்பித் திரும்ப வாங்கும் துளை) இருந்தால் அதன் உள் ப்ரீஆம்பையே பயன்படுத்தலாம். 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்கின் நுனி பொதுவாக அனுப்புவது, வளையம் திரும்ப வாங்குவது. இன்ஸர்ட் வயர் ஒன்று வேண்டும். குறைந்த விலை இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் இன்ஸர்ட் இருக்காது. அப்படியென்றால் தனி ப்ரீஆம்ப் வாங்க வேண்டிவரும், செலவு அங்கே ஏறும். பெட்டியின் பின்னால் லைன் சிக்னலின் அளவைத் தேர்வுசெய்யும் +4, −10 என்று ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 12 டெசிபல் வித்தியாசம். ஒருபுறம் +4, மறுபுறம் −10 என்று வைத்தால் ஒன்று சிக்னல் சன்னமாகும், இல்லையென்றால் கரகரக்கும். பழைய பெட்டிகளில் கம்ப்ரெஸருக்கு முன்பாக ஒரு கேட் (சன்னமான ஒலியை அடைத்துவிடும் சுற்று) இருப்பதும் உண்டு. அதை முழுதாக அணைத்து வையுங்கள். சொற்களின் வால் வெட்டுப்படுவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

தேவையா என்றால், முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. நாடாவில் பதிவுசெய்த காலத்தில் நாடாவின் இரைச்சலுக்கு மேலே குரலை நிறுத்த, பதிவின்போதே அமுக்க வேண்டியிருந்தது. 24 பிட் பதிவில் கணக்களவில் 144 டெசிபல் இடைவெளி இருக்கிறது. மீட்டரின் மேல் எல்லை 0 என்பதால், உச்சம் −10 டெசிபல், சராசரி −18 டெசிபல் என்று தாராளமாக இடம்விட்டுப் பதிவுசெய்தால் எதுவும் கெடாது. பிறகு மென்பொருள் கம்ப்ரெஸரில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். பெட்டி வழியாக அதிகமாக அமுக்கிப் பதிவுசெய்த குரலை மீட்க வழியே இல்லை. அந்தப் பணத்துக்கு ஆட்டம் காணாத ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன் வாங்குங்கள். கணினி இல்லாமல் நேரலையில் பாடுபவருக்கு மட்டும் பெட்டி உண்மையிலேயே உதவும். எஃப்எம்ஆர் ஆர்என்சி1773, டிபிஎக்ஸ் 266எக்ஸ்எஸ் போன்றவை அந்த வேலைக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற எளிய பெட்டிகள்.

த்ரெஷோல்ட், ரேஷியோ எல்லாம் படித்துவிட்டேன். ஆனால் கம்ப்ரெஸர் பிளக்-இன்னை (பதிவு மென்பொருளுக்குள் இயங்கும் துணை மென்பொருளை) திறந்ததும் எதை முதலில் திருப்புவது என்று தெரியவில்லை. குரலுக்கு ஒரு வரிசை சொல்லுங்கள்.

கம்ப்ரெஸரைத் திறக்கும் முன் இரண்டு வேலை இருக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 'ப' சொல்லும்போது வரும் காற்றடியும் ஸ்டாண்டில் கால் பட்ட அதிர்வும் காதுக்குச் சரியாகக் கேட்காது. கம்ப்ரெஸருக்கோ பெரிய சிக்னல். அது தேவையில்லாமல் குரலை அமுக்கும். அடுத்து, அலைவடிவத்தைக் கண்ணால் பாருங்கள். பல்லவியைவிடச் சரணம் 8 டெசிபல் சன்னமாக இருந்தால் அந்தப் பகுதியின் ஒலியளவைக் கையால் ஏற்றிச் சமன்செய்யுங்கள். பகுதிக்குப் பகுதி வரும் ஏற்றத்தாழ்வு கையால் தீர வேண்டியது. சொல்லுக்குச் சொல் வருவதைத்தான் கம்ப்ரெஸரிடம் கொடுக்க வேண்டும்.

இனி பிளக்-இன். பாட்டிலேயே பலமான ஒரு வரியைச் சுழற்சியில் ஓடவிடுங்கள். ரேஷியோவை (அமுக்கும் விகிதம்) 3:1, அட்டாக்கை (அமுக்கத் தொடங்கும் நேரம்) 10 மில்லிசெகண்ட், ரிலீஸை (அமுக்குவதை விடும் நேரம்) 100 மில்லிசெகண்ட், மேக்கப் கெயினை (அமுக்கிய பின் மொத்தத்தையும் ஏற்றும் அளவு) சுழியம் என்று வைத்து, த்ரெஷோல்டை மட்டும் மெதுவாக இறக்குங்கள். எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் குறைப்பு மீட்டரில் கண் இருக்கட்டும். பலமான சொற்களில் 5, 6 டெசிபல் குறைந்து, மெல்லிய சொற்களில் மீட்டர் சுழியத்துக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். மீட்டர் சுழியத்துக்குத் திரும்பவே இல்லையென்றால் த்ரெஷோல்ட் மிகவும் கீழே போய்விட்டது.

கணக்கு எளிது. த்ரெஷோல்ட் −20, ஒரு சொல் −8-ஐத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 டெசிபல் மேலே போயிருக்கிறது. 3:1-இல் அது 4 டெசிபலாகச் சுருங்கி −16-இல் நிற்கும். குறைப்பு 8 டெசிபல், சற்று அதிகம்தான். த்ரெஷோல்டை −17-க்கு உயர்த்தினால் 9 டெசிபல் மேலே, 3 ஆகச் சுருங்கும், குறைப்பு 6. அந்த இடம் சரி.

இப்போது அட்டாக்கைக் காதால் கேட்டுத் திருப்புங்கள். 1 மில்லிசெகண்டுக்குக் கீழே கொண்டுபோனால் 'க', 'த', 'ட' ஆகியவற்றின் தொடக்கம் மழுங்கி, பாடுபவர் திரைக்குப் பின்னால் போனதுபோல் இருக்கும். 30-க்கு மேலே போனால் அந்த எழுத்துகள் அடித்தாற்போல் முன்னே துள்ளும். பெரும்பாலான குரல்களுக்கு 5 முதல் 15-க்குள் ஓரிடம் அகப்படும். ரிலீஸை மிகவும் குறைத்தால் வேறொரு கோளாறு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு 10 மில்லிசெகண்ட் ஆகும். ரிலீஸ் அதற்கு நெருக்கமாக வந்தால் கம்ப்ரெஸர் சொல்லைப் பின்தொடராமல் அலையின் ஒவ்வொரு சுற்றையும் பின்தொடரத் தொடங்கும். கனமான ஆண் குரலில் வரும் அந்தக் கரகரப்பின் மூலம் இதுதான். மிக நீளமாக வைத்தாலோ ஒரு பலமான சொல்லுக்குப் பின் வரும் மெல்லிய சொற்களும் அமுங்கியே கிடக்கும். அடுத்த சொல் தொடங்கும் முன் மீட்டர் திரும்பிவிடும்படி வையுங்கள்.

கடைசியாக மேக்கப் கெயின். கம்ப்ரெஸரைத் தற்காலிகமாக விலக்கும் பைபாஸ் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்திக் கேட்டு, இரண்டும் ஒரே பலத்தில் கேட்கும்வரை ஏற்றுங்கள். இதைத் தவற விடாதீர்கள். பலமாக ஒலிப்பது எதுவும் நன்றாக இருப்பதாகவே காது சொல்லும். சமமாக வைத்து ஒப்பிட்டால்தான் கம்ப்ரெஸர் நன்மை செய்ததா என்று தெரியும். சில பிளக்-இன்களில் மேக்கப் தானாக ஏறும்படி இருக்கும். முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

ஒரே கம்ப்ரெஸரில் 10 டெசிபல் குறைப்பதைவிட இரண்டாகப் பிரிப்பது இயல்பாக இருக்கும். முதலாவது வேகமாக, 6:1 அல்லது 8:1-இல், துள்ளும் உச்சங்களை மட்டும் 2, 3 டெசிபல் பிடிக்கட்டும். இரண்டாவது மெதுவாக, 2:1-இல், 3, 4 டெசிபல் அணைத்துச் செல்லட்டும்.

கம்ப்ரெஸர் போட்டதும் அறையின் எதிரொலியும், மூச்சுச் சத்தமும், பின்னணி இரைச்சலும் பெரிதாகக் கேட்கின்றன. கம்ப்ரெஸர்தான் சரியில்லையோ?

கம்ப்ரெஸர் சரியாகத்தான் வேலை செய்கிறது. உச்சங்களை 6 டெசிபல் அமுக்கி, மொத்தத்தையும் 6 டெசிபல் ஏற்றுகிறீர்கள். சொற்களுக்கு நடுவே குறைப்பு இல்லை. ஏற்றம் மட்டும் உண்டு. ஆகவே அங்கே கிடக்கும் எல்லாமே 6 டெசிபல் மேலே வருகிறது. −60 டெசிபலில் இருந்த இரைச்சல் −54-க்கு வரும். இரண்டு கம்ப்ரெஸர், கடைசியில் ஒரு லிமிட்டர் (உச்சம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுப்பது) என்று போனால் −45-ஐத் தொடுவதும் எளிது.

வேலை தொடங்கும் முன் பத்து நொடி யாரும் பேசாமல் பதிவுசெய்து, மீட்டரில் எண்ணைப் பாருங்கள். பாடும்போது சராசரி −18, அமைதியில் −60-க்குக் கீழே என்றால் நிம்மதியாக அமுக்கலாம். அமைதியிலேயே −45 என்றால் எந்த பிளக்-இன்னும் முழுதாகக் காப்பாற்றாது. அறைக்கும் மைக்குக்கும் திரும்பிப் போய்த் தூரத்தைக் குறைத்து, போர்வையைத் தொங்கவிட்டு மறுபடி பதிவுசெய்யுங்கள். மூச்சுச் சத்தம் மட்டும்தான் தொந்தரவென்றால் அந்தத் துண்டுகளைக் கையால் 6 முதல் 8 டெசிபல் இறக்குங்கள். அடியோடு வெட்டினால் பாட்டு செயற்கையாகிவிடும்.

'ச', 'ஸ' ஊசி மாதிரிக் குத்துகிறது. கம்ப்ரெஸருக்குப் பிறகு இன்னும் மோசம். ஈக்வலைஸரில் உச்ச ஒலிகளைக் குறைத்தால் குரலே மந்தமாகிவிடுகிறது.

கம்ப்ரெஸர் முக்கியமாக உயிரெழுத்துகளின் பலத்துக்குத்தான் இயங்குகிறது. 'ஆ' அமுங்குகிறது, பலம் குறைந்த 'ஸ்' த்ரெஷோல்டுக்குக் கீழே தப்பி, மேக்கப்பில் மேலே ஏறிவிடுகிறது. முதலில் மைக்கைத் தொடுங்கள். அதை மூக்கு உயரத்துக்கு ஏற்றி வாயைப் பார்த்துச் சாய்த்து, பக்கவாட்டில் 15 முதல் 20 டிகிரி திருப்புங்கள். காற்று நேராகப் படாது. உச்ச ஒலிகளும் அச்சுக்கு வெளியே தாமாகவே தணியும். மீதிக்கு டி-எஸ்ஸர், அதாவது 'ஸ்' ஒலிகளை மட்டும் அமுக்கும் கருவி. 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் உங்கள் குரல் குத்தும் இடத்தைத் தேடி, அந்த எழுத்துகளில் மட்டும் 3 முதல் 5 டெசிபல் குறையும்படி வையுங்கள். அதற்கு மேலே போனால் பாடுபவருக்கு நாக்குத் தடித்ததுபோல் ஒலிக்கும்.

1176, எல்ஏ-2ஏ என்று பழைய கருவிகளைப் போலச் செய்த பிளக்-இன்கள் நிறைய இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? இலவசமானவை போதுமா?

இரண்டும் 1960-களில் வந்த கருவிகள். குணம் நேர் எதிர். 1176 எஃப்இடி டிரான்ஸிஸ்டரால் இயங்குகிறது. அட்டாக் 20 முதல் 800 மைக்ரோசெகண்ட் வரை, அதாவது மிக மெதுவான நிலையிலும் 1 மில்லிசெகண்டைத் தொடாது. அதன் அட்டாக், ரிலீஸ் குமிழ்களை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். மற்ற கம்ப்ரெஸர்களில் பழகியவர்கள் இதைத் தலைகீழாக வைத்துவிட்டு, குரல் உயிரில்லாமல் இருப்பதாகக் குறைபடுவார்கள். எல்ஏ-2ஏ ஒளியால் இயங்குவது. சிக்னலுக்கு ஏற்ப ஒரு பலகை ஒளிரும். அந்த ஒளி பட்ட ரெசிஸ்டர் குரலை அமுக்கும். அட்டாக் ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட். ரிலீஸின் முதல் பாதி 60 மில்லிசெகண்டிலும், மீதி பல நொடிகளிலும் நடக்கும். குமிழ்கள் இரண்டுதான் என்பதால் தொடங்குபவர் கெடுப்பதற்கு அதில் அதிக இடமில்லை. துள்ளலான பாட்டு, ராப், வேகப் பேச்சு ஆகியவற்றுக்கு முதலாவது. நீண்டு இழையும் பாட்டுக்கு இரண்டாவது.

இலவசம் தாராளமாகப் போதும். பதிவு மென்பொருளோடு வரும் கம்ப்ரெஸரே நல்ல கருவி. ரீப்பர் பதிவு மென்பொருளைச் செய்பவர்களின் ரியாகம்ப், டிடிஆர் கோட்டெல்னிகாவ் இரண்டிலும் எல்லா எண்களும் கண்முன் இருப்பதால் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்றவை. க்ளாங்ஹெல்ம் டிசி1ஏ-வில் உள்ளீடு, வெளியீடு என்று இரண்டு குமிழ்களும் சில பொத்தான்களும் மட்டும். ஒன்றை எடுத்துக்கொண்டு சில மாதம் அதிலேயே இருங்கள்.

மழைக்காலத்தில் மைக்கில் பொரிவதுபோல் 'பட் பட்' என்று சத்தம் வருகிறது. சில மணி நேரத்தில் தானாகவே சரியாகிறது. பாடிக்கொண்டே இருந்தால் மறுபடி வருகிறது.

ஈரம். கேப்ஸ்யூலின் டயஃப்ரம் சில மைக்ரான் தடிமனே உள்ள படலம். அதற்கும் பின்னால் உள்ள உலோகத் தட்டுக்கும் இடையே மின்னேற்றம் நிற்க வேண்டும். மூச்சின் ஈரம் படிந்தால் அந்த மின்னேற்றம் சிறு சிறு துளிகளாகக் கசியும். ஒவ்வொரு கசிவும் ஒரு 'பட்'. குளிரூட்டிய அறையிலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்த உடனே மைக்கைப் போட்டாலும் இப்படி நடக்கும். அரை மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து 7, 8 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், மூச்சு நேராகப் படாது. வேலை முடிந்ததும் ஸ்டாண்டிலேயே விடாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் என்றால் எப்போது மாற்ற வேண்டும் என்று தானே காட்டும். முடி உலர்த்தியால் சூடு காட்ட வேண்டாம். வலையைத் திறந்து துணியாலோ பஞ்சாலோ டயஃப்ரத்தைத் துடைக்கவே கூடாது. தங்கப் பூச்சு உரிந்துபோகும். இரண்டு நாள் சிலிக்கா ஜெல்லோடு மூடிவைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லையென்றால், வேறு வயரும் இன்டர்ஃபேஸின் மற்றொரு துளையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் வந்தால் கேப்ஸ்யூலில் அழுக்குப் படிந்திருக்கிறது, மைக் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய வேலை அது.